நல்ல கால் சொன்ன பொய்

மார்ச் 6, 2007. செவ்வாய். அஜ்மான்

இன்று என்னை அளந்தார்கள். சட்டைக்கு அளப்பது போல அல்ல, வாய்க்கால் வரப்புத் தகராறில் நிலம் அளப்பது போல. பிசியோதெரபி அறையில் ஒரு கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான். அதை என் இடுப்பில் வைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்லி, எத்தனை டிகிரி வருகிறது என்று பார்த்தாள் அந்தப் பெண். பெயர் பானுப்பிரியா, விருதுநகர்ப் பக்கம். என்னை 'அங்கிள்' என்கிறாள்.

உடைந்த இடது பக்கம் எண்பத்திரண்டு. உடையாத வலது பக்கம் நூற்றிருபத்தாறு.

எண்பத்திரண்டாம்! இந்த இடுப்பை வைத்துக்கொண்டு கீழக்கரையில் குதித்து இலங்கையில் கரையேறியவன் நான். (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். என் டைரி, என் கடல்.) டிசம்பரில் கடை ஏணியிலிருந்து நெய் டின்னோடு விழுந்தேன். மூன்றே படி ஏணி என்று என் மனைவி அஸ்மத் பீவி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று. ஏறி நின்றது அவளா, நானா? துபாயில் கட்டிக்கொண்டிருக்கிறார்களே புர்ஜ், அதைவிட ஒரு மாடி அதிகம். தொடை எலும்பு அதன் தலைக்குக் கீழே முறிந்து, திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

அளந்த பிறகு பரீட்சை. காரிலிருந்து இறங்குவது போல எழுந்திருக்க வேண்டும். படி ஏற வேண்டும். பிறகு ஒரு சாக்ஸை நீட்டினாள்.

"நாற்காலியில உக்காந்து இதை இடது கால்ல போட்டுக் காட்டுங்க அங்கிள்."

"நான் பொறந்ததுலேர்ந்து சாக்ஸ் போட்டதில்ல."

"சும்மா டெஸ்ட்டுக்குத்தான். இடுப்பு அன்றாட வேலைக்கு ஒத்து வருதான்னு பாக்கணும்ல?"

யாருடைய அன்றாடம்? மே மாதத்து அஜ்மானில் சாக்ஸ் போடுகிறவனுக்கு இடுப்பில் அல்ல, தலையில் வைத்தியம் பார்க்க வேண்டும். போட மாட்டேன் என்றேன். (போடவும் வரவில்லை. விரல் நுனிக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒரு பாலைவனம் கிடந்தது.)

"சரி, உங்களுக்கு என்ன செய்ய முடியணும்? அதைச் சொல்லுங்க."

"தரையில சம்மணம் போட்டு உக்காரணும். ஏப்ரல் இருபது, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்கு அப்புறம். அரை மணி நேரம் போதும்."

என் காலைப் பார்த்தாள். பேனாவுக்கு மூடி போட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 9, வெள்ளி

ஜும்ஆவில் கடைசி வரிசை ஓரத்தில் மடக்கு நாற்காலி. எனக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவர், அந்தப் பக்கம் ஒரு கிழவர். நடுவில் நான், காலேஜ் பையன்.

மாலையில் கலீலுர் ரஹ்மான் வந்தான். துபாய் தேராவில் அத்தர் கடை. மாப்பிள்ளை ஹஸ்னைனின் வாப்பா. வரும்போதே வாசனை, போகும்போது தலைவலி.

பெண், என் கூடப்பிறந்த மூத்தவர் சுஐபு காக்காவின் ஒரே மகள் ருமைஸா. காக்கா சவூதியில், தம்மாமில், நெஞ்சுவலியில் மௌத்தானபோது அவளுக்கு ஒன்பது வயது. ஊரில் மதினி வளர்த்தார்கள். இரண்டு வருஷமாக இங்கே ஒரு ஆபீசில் வேலை, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வாப்பா இல்லை, பாட்டனார் இல்லை, கூடப்பிறந்த ஆண் இல்லை. ஆகவே அவளுக்கு நிக்காஹ் செய்து கொடுக்கிற வலீ நான். எங்கள் வீட்டு வழக்கத்தில் வலீயும் மாப்பிள்ளையும் தரையில் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, வலது கையை வலது கையால் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த பிடியில்தான் சொல்ல வேண்டும், 'தந்தேன்' என்று.

கலீல் என் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே சொல்கிறான்: "மக்தூம் காக்கா, ஹால்ல ஸ்டேஜ் போடுறோம். வெள்ளை லெதர் சோபா. நீங்க கஷ்டப்படப்படாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒங்களுக்குப் பதிலா வக்கீலாப் போட்டுருவோம், அவங்க கையப் பிடிச்சுக் குடுத்துருவாங்க. நீங்க வாயால அனுமதி சொன்னாப் போதும். மார்க்கத்துல எடம் இக்கிது."

இருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கொதிக்கிறது. இடமில்லை என்றால் சட்டம் பேசி அவனைக் கடலில் தள்ளியிருப்பேன்.

"எல்லாம் ஒங்க இடுப்புக்காகத்தான்" என்று என் தோளைத் தட்டினான். என் இடுப்புக்காகவாம்! ஸ்டேஜும் சோபாவும் அவன் நவம்பரிலேயே, நான் விழுவதற்கு முன்பே பேசி வைத்தவை.

மார்ச் 10, சனி

சோபா. சோபா. சோபா. இந்தச் சொல்லையே பிடிக்கவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

தொண்ணூற்றைந்து வந்தது! என் கண்ணால் பார்த்தேன். ராஜேந்திர சோழன் கடாரம் பிடித்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அடுத்த நிமிஷம் பானுப்பிரியா என் முதுகுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கையை நுழைத்தாள்.

"அங்கிள், மறுபடி மடக்குங்க. ... ம். இடுப்பு வளையல. முதுகைச் சுருட்டி, பின்பக்கத்தைத் தூக்குறீங்க. கால் தானா மேல வர்ற மாதிரித் தெரியுது."

"யாரு, நானா?"

"நீங்கதான். இப்ப தூக்காம மடக்குங்க."

எண்பத்தைந்து. பத்து டிகிரியைப் பிடுங்கிக்கொண்டாள். சுங்கத்தில்கூட இப்படிப் பிடுங்க மாட்டார்கள்.

தரை எப்போது என்று கேட்டேன். கேட்காத நாள் கிடையாது. இன்று கடைசியாக வாயைத் திறந்தாள். "உங்களுக்குன்னு இயற்கையா எவ்வளவு மடங்கும்னு உங்க நல்ல காலை வச்சுத்தான் கணக்கு. கெட்ட கால் நல்ல காலுக்குக் கிட்டத்தட்ட சமமா வரட்டும். வந்தா தரையில உக்கார வச்சுப் பாக்கலாம்."

சமமாக வரட்டும். சரி.

மார்ச் 18, ஞாயிறு

எண்பத்தைந்துக்கும் நூற்றிருபத்தாறுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! இந்த வேகத்தில் ருமைஸாவின் பேரப்பிள்ளை நிக்காஹ்வுக்கு உட்காரலாம். கடையில் வந்தவனையெல்லாம் திட்டினேன். கடையில் எனக்கு இருக்கும் ஒரே ஆள் கார்மேகம், பரமக்குடிக்காரன், பத்து வருஷமாகக் கூட இருக்கிறவன். "பாய், இன்னைக்கு வெங்காயத்தைக்கூடத் திட்டிட்டீங்க" என்கிறான். அழுகிய வெங்காயம், திட்டாமல்?

மார்ச் 20, செவ்வாய்

நான் ஒரு மேதை.

இரண்டும் சமமாக வேண்டும், அவ்வளவுதானே? கீழே இருப்பதை மேலே ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னது? மேலே இருப்பதைக் கீழே இறக்கினாலும் சமம்தான்.

இன்று நல்ல காலை மடக்கும்போது ஓர் இடத்தில் நிறுத்தி, "ஸ்ஸ்... பிடிக்குது" என்றேன். முகத்தில் லேசாக வேதனை, பல்லைக் கடித்த மாதிரி. அவள் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். தொடையை இரும்பாக்கி நின்றேன். நூற்றுப் பத்து.

கெட்ட கால் எண்பத்தெட்டு, நியாயமாக வந்தது. இடைவெளி பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கோழிக்குழம்பு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 27, செவ்வாய்

கெட்டது தொண்ணூற்றொன்று. நல்லது தொண்ணூற்றெட்டு!

கிட்டத்தட்ட சமம். "இப்ப தரையா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பாகைமானியை வைத்துவிட்டு உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தாள். மறுபடி அளந்தாள். நான் மறுபடி இரும்பானேன். அவள் போய் டாக்டரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

"நாளைக்கு டாக்டரைப் பாத்துருங்க அங்கிள். வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

தரைக்கு உத்தரவு டாக்டர்தான் தர வேண்டும்போல.

மார்ச் 28, புதன்

அட அறிவு கெட்டவனே.

நல்ல கால் இரண்டு வாரத்தில் இப்படி இறுகிப்போனால் அது நல்ல கால் இல்லையாம். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டு வரலாமாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததற்கும் டாக்டர் கவலைப்பட்டார்! ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாதாம், ஸ்கேன் வேண்டும், இன்சூரன்ஸ் அனுமதி வர நாளாகும். அதுவரை பயிற்சி நிறுத்தம், இரண்டு காலுக்கும். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல்.

வாயைத் திறந்து அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அஸ்மத் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "நல்லா இக்கிற கால்லயுமா, ரப்பே!" அவள் முன்னால் எப்படிச் சொல்வது? டாக்டர் மீது கோபம் வந்தது. ஊன்றுகோல் மீது வந்தது. லிப்டில் கண்ணாடி வைத்தவன் மீது வந்தது.

மார்ச் 30, வெள்ளி

கலீல் பழக்கூடை அனுப்பியிருக்கிறான். மேலே நீல ரிப்பன். நான் என்ன பிள்ளையா பெற்றிருக்கிறேன்?

ஏப்ரல் 1, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ருமைஸா வந்து என் எதிரே நின்றாள்.

"சாச்சா, நிக்காஹ்வத் தள்ளி வச்சுக்குவோம். அவங்ககிட்ட பேசிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க."

"யாரக் கேட்டுப் பேசினே? ஹால் என்னாவுறது? உங்கும்மா டிக்கெட் என்னாவுறது? எனக்கு ஒண்ணுமில்ல, புள்ள!"

"வாப்பாவும் அப்படித்தான் சொன்னாங்க." குரல் உயரவே இல்லை. "தம்மாம்லேர்ந்து போன்ல. ஒண்ணுமில்ல, வெறும் வாயுன்னாங்க. ஸ்கேன் வந்து, டாக்டர் நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் பண்ணிக்கிறேன்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டேய் மக்தூம், இது உனக்குத் தேவையா?

ஏப்ரல் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பயிற்சி கிடையாது என்று தெரிந்தும் கார்மேகத்தை வேன் எடுக்கச் சொல்லிப் போனேன். பானுப்பிரியா முன்னால் இரண்டு ஊன்றுகோலையும் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலில் படுத்து, வலது முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக் காட்டினேன். தங்குதடை இல்லாமல் போனது, துரோகி.

சிரிப்பாள் என்று நினைத்தேன். நான் என்ன செய்தாலும் யாராவது சிரிப்பார்கள், அதுதானே என் ஜாதகம்.

"கோணமானி ரிப்பேர்னு நினைச்சேன்" என்றாள். "அப்புறம் எனக்கே அளக்கத் தெரியலையோன்னு நினைச்சேன். பழைய அளவுதான் தப்பா இருக்கும்னு எங்க மேடம் என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டாங்க. நூத்தி இருபத்தாறை எந்தக் கண்ணை வச்சு எழுதினேன்னு. நானும் தப்பா எழுதிட்டேன்னு ஒத்துக்கிட்டேன் அங்கிள்."

மேடம் அறைக்குப் போய் நானே சொன்னேன், நான்தான் இரும்பானேன், அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் எழுதியது என்று. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வைக்கு ஏணியிலிருந்து இன்னும் இரண்டு தடவை விழலாம்.

திரும்பி வந்ததும் மறுபடி அளந்தாள். முதுகுக்கு அடியில் கை வைத்துத்தான். இடது தொண்ணூறு, ஒரு வாரம் சும்மா இருந்ததில் ஒன்று போய்விட்டது. வலது நூற்றிருபத்தாறு.

"சம்மணம் இருபதாம் தேதிக்குள்ள வராது. எப்பவுமே வராதுன்னு சொல்லல. இப்ப வராது." கோபம் இன்னும் ஆறவில்லை அவளுக்கு. "தரையில உக்காந்து என்னதான் செய்யணும்? டிகிரியை விடுங்க. செஞ்சு காட்டுங்க."

கார்மேகத்தைக் கூப்பிட்டு மாப்பிள்ளையாகத் தரையில் உட்கார வைத்தேன். நான் ஒரு ஸ்டூலில். அவன் கையைப் பிடித்தேன். பிசியோ அறையில் இருந்த பட்டாணும் பிலிப்பினோவும் வேடிக்கை பார்க்க, பரமக்குடி கார்மேகத்துக்கு நிக்காஹ் ஒத்திகை. அவள் ஸ்டூலை இறக்கினாள், ஏற்றினாள், பக்கவாட்டில் மண்டியிட்டு என் இடுப்பைப் பார்த்தாள், கையூன்றாமல் எழச் சொன்னாள், மறுபடி இறக்கினாள். ஓர் உயரத்துக்குக் கீழே போனதும் எழ முடியாமல் கார்மேகத்தின் மேலேயே சரிந்தேன்.

"பாய், மாப்பிள்ளையக் கொன்னுறாதீங்க!"

அதற்கு ஒரு விரல்கடை மேலே, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, உட்காரவும் முடிந்தது, எழவும் முடிந்தது, வலியும் இல்லை. காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டால் போதும்.

"இதுதான் இன்னைக்கு உங்க அளவு" என்றாள். "இந்த உயரத்துல கெட்டியா ஏதாவது தேடுங்க. மெத்து மெத்துன்னு இருக்கக் கூடாது. பள்ளமான சோபாவுல மட்டும் உக்காந்துறாதீங்க. அதுல இடுப்பு இதுக்கும் கீழ புதைஞ்சுரும், எந்திரிக்கவே முடியாது."

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

சோபாவுக்கு மருத்துவத் தடை! விருதுநகர் ஈன்ற மாணிக்கமே!

வீட்டில் மட்டும் மாணிக்கம் எதுவும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னதும் அஸ்மத் பீவி பழக்கூடையில் மிச்சமிருந்த ஆப்பிளை என்மேல் எறிந்தாள். ருமைஸா கேட்டுவிட்டு, எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 5, வியாழன்

நிக்காஹ் தேதி மாறவில்லையாம். அஸ்மத் பீவி வழியாகத்தான் தெரிந்தது. என்னிடம் ருமைஸா பேசுவதில்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

கலீலுக்குப் போன் போட்டு பிசியோதெரபி இலாகாவின் உத்தரவை வாசித்தேன். "அப்ப சாதாச் சேர் போட்டுருவோம்" என்கிறான். விடமாட்டான்! "சேரும் கிடையாது, வக்கீலும் கிடையாது. மாப்பிள்ளை தரையில, நான் என் அளவுல. ஒங்க சோபாவுல நீங்க உக்காருங்க" என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, புதன்

கடையில் ஆசனம் தேடும் படலம். பால்பவுடர் பெட்டி நசுங்குகிறது. அரிசி மூட்டை உட்காரும்போது சரியான உயரம், ஐந்து நிமிஷத்தில் ஓர் அங்குலம் உள்ளே வாங்கிவிடுகிறது. அந்த ஓர் அங்குலத்தில் எழ முடியவில்லை. இரண்டு தடவை கார்மேகம் தூக்கிவிட்டான். பிரியாணி அரிசி என்று விலை மட்டும் ஏற்றத் தெரிகிறது, ஒரு மனுஷனைத் தாங்கத் தெரியவில்லை.

அப்போது ருமைஸா கடைக்குள் வந்தாள், ஆபீஸ் விட்டு நேராக. அரிசி மூட்டையைக் கையால் அமுக்கினாள். அடுத்ததை அமுக்கினாள். மூலையிலிருந்த சீனி மூட்டையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இது அமுங்கல" என்றாள், கார்மேகத்திடம். பிறகு என்னைப் பார்க்காமல், "பொய்க் காலுக்கு நான் மூணு நாள் அழுதேன் சாச்சா."

திட்டு என்றேன். திட்டவில்லை. அவள் வாப்பா மாதிரியே. சுஐபு காக்காவும் கோபம் வந்தால் பேச மாட்டார், நம்மைத்தான் கத்த வைப்பார்.

ஏப்ரல் 17, செவ்வாய்

தொண்ணூற்று நான்கு. சீனி மூட்டைமேல் அரை மணி. எழுந்தேன். கையூன்றவில்லை.

ஏப்ரல் 21, சனி

நேற்று நடந்ததை எழுத இன்றுதான் கோபம் தணிந்தது. முழுக்கத் தணியவில்லை.

ஹாலில் ஸ்டேஜ், ஸ்டேஜில் வெள்ளை சோபா, சோபாவில் கலீல். அதற்கு முன்னால் விரிப்பு. விரிப்பின்மேல் வெள்ளைத் துணி போர்த்திய ஐம்பது கிலோ சீனி. அதன்மேல் கீழக்கரைப் பேரரசர்.

ஹஸ்னைன் வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அங்கேதான் இடித்தது. நான் மேலே, அவன் கீழே. அவன் கையை அண்ணாந்து நீட்ட வேண்டியிருந்தது, ஏதோ என்னிடம் பிச்சை கேட்கிற மாதிரி. ஹஜ்ரத் குத்பா ஓத ஆரம்பிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். முட்டிக்கு முட்டி எங்கே? என் முட்டி அவன் நெஞ்சில். சபையில் யாரோ கனைத்தார்கள். கலீல் சோபாவிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. என் காது சூடாகிவிட்டது. ஏழு வாரமாக என்னை அளந்தோமே தவிர மாப்பிள்ளையை யாரும் அளக்கவில்லை!

அப்போது சபையின் பின்னாலிருந்து வழி விடச் சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான், தோளில் இன்னொரு சீனி மூட்டை. கார்மேகம்.

"எதுக்குடா ரெண்டாவது கொண்டாந்தே?"

"மாப்பிள்ளையா உக்காந்து பாத்தவனுக்குத்தான பாய் தெரியும்" என்றான், மூட்டையை இறக்கிக்கொண்டே. "தோள்பட்டை கழண்டுரும்."

சபையே சிரித்தது. ஹஸ்னைன் எழுந்து, அதை அவனே என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முட்டி முட்டியில் இடித்தது. கையைப் பிடித்தேன். ஈரமான கை, பயந்திருக்கிறான், நல்ல பையன். 'என் காக்கா மகள்' என்றதும் இருமல் வந்துவிட்டது. கலீல் கடை அத்தர், வேறொன்றுமில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன். தந்தேன்.

கையூன்றாமல் எழுந்தேன். கலீலால்தான் எழ முடியவில்லை. அவ்வளவு பள்ளமான சோபா. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். நான் உதவவில்லை. இடுப்பு சரியில்லாதவன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

ருமைஸா ஹஸ்னைனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பிரித்தால் சாக்ஸ். கறுப்பு. கொழுப்பைப் பார்!

பிசியோதெரபிக்கு ஹஸ்னைன்தான் காரில் கூட்டிப்போனான். ஜெபல் அலியில் அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான்; வேண்டாம் என்றால் கேட்பதில்லை, எனக்கு வாய்த்தவை எல்லாம் இப்படி. அறையில் வலது காலை மடக்கும்போது பானுப்பிரியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாக மடக்கினேன். நூற்றிருபத்தாறு. இடது தொண்ணூற்றாறு. அவள் எழுதும்வரை காத்திருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கறுப்புச் சனியனைக் கையில் எடுத்தேன். குதிகாலில் ஒரு தடவை சிக்கியது. இடது காலில், நானே போட்டேன். புழுக்கமான சாமான். எவன் கண்டுபிடித்தானோ, என் கையில் கிடைக்கட்டும்.

வீட்டுக்கு வரும்வரை கழற்றவில்லை.